அணையா அடுப்புக்கு விறகிடுவோர்

சமயத் தலைவர் மறைந்தபின் அவர் தொடங்கிய பொதுப்பணி என்னவாகிறது? சமூகவியலில் இக்கேள்விக்கு மாக்ஸ் வெபர் தந்த விடை பெரும்பாலோர் அறிந்ததே. தலைவரின் ஆளுமை ஈர்ப்பு, அவருக்குப்பின் பதவியாகவும் சடங்காகவும் விதியாகவும் உறைந்துவிடுகிறது. இல்லையேல் இயக்கமே கலைந்துபோகிறது. இந்த விளக்கம் பல மடங்களுக்குப் பொருந்தும். வடலூருக்கு அரைகுறையாகத்தான் பொருந்துகிறது.

வள்ளலார் என்று அழைக்கப்படும் இராமலிங்க அடிகள் 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் மறைந்தார். ஆதீனங்களில் நடப்பதுபோல் அவர் யாருக்கும் பட்டம் சூட்டி வாரிசாக அமர்த்தவில்லை. அடுத்த இரண்டே ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் தாக்கியது. தலைமையும் இல்லை, ஊரில் தானியமும் இல்லை. ஓர் இளம் இயக்கம் அடங்கிப்போக இதைவிடத் தோதான சூழல் வேண்டியதில்லை. ஆனால் அவர் 1867 மே 23 அன்று வடலூரில் தொடங்கிய தருமசாலை இன்றும் சோறு போடுகிறது. அன்று மூட்டிய அடுப்பு அணைந்ததேயில்லை என்பது அவர் வழிநிற்கும் சன்மார்க்கிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது.

வள்ளலார் மீதான பக்திதான் இதற்குக் காரணம் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. பக்தி மட்டுமே போதும் என்றால் அவர் நிறுவிய எல்லாமே ஒரே அளவில் ஊன்றியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. 1865இல் சன்மார்க்க சங்கம், 1867இல் சாலை, 1872 ஜனவரி 25 தைப்பூசத்தன்று திறக்கப்பட்ட ஞானசபை என மூன்று அமைப்புகளை அவர் ஏற்படுத்தினார். சங்கத்தைப் பற்றியும் சபையைப் பற்றியும் அவருக்கே மனக்குறை இருந்தது. தாம் சொன்னதை ஏற்றுக்கொள்ள ஆளில்லை என்று கடைசி ஆண்டுகளில் அவர் வருந்தியதை அணுக்கத் தொண்டர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். சபை சில காலம் பூட்டிக் கிடந்ததாகவும் மரபுச் செய்தி உண்டு. சாலையைப் பற்றி இப்படியொரு செய்தி கிடையாது.

சபை, சாலை இரண்டின் வாசலையும் பார்த்தால் வேறுபாடு விளங்கும். கொலையும் புலாலும் தவிர்த்தவர்களுக்கு மட்டுமே ஞானசபைக்குள் இடம் உண்டு. வாசலிலேயே அந்த அறிவிப்பு இருக்கிறது. சாலையில் பசி ஒன்றே தகுதி. சாதி, சமயம், நாடு, நடத்தை எதையும் கேட்காமல் பசித்தவர்க்கு உணவிட வேண்டும் என்பது வள்ளலாரின் ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ வற்புறுத்தும் நெறி. புலால் உண்பவரிடம் ஆன்மிக நெருக்கம் வேண்டாம் என்று கறாராகச் சொல்லும் வள்ளலாரின் பாடலும், அப்படிப்பட்டவரின் பசியை ஆற்றுவதற்குத் தடை சொல்லவில்லை. உண்பவருக்குச் சொன்னது உதவுபவருக்கும் பொருந்திவிட்டது. அருள் அனுபவம் கைகூடாதவரும் விறகு பிளக்கலாம். வள்ளலார் போதித்த மரணமிலாப் பெருவாழ்வைப் பற்றி ஐயம் உள்ளவரும் காய் நறுக்கலாம். தொண்டு செய்ய வருபவரின் சித்தாந்தத் தெளிவைச் சோதிக்காத இடத்தில் ஆள் தட்டுப்பாடு வருவதில்லை.

பெயர் மாற்றங்களும் இதையே காட்டுகின்றன. தொடக்கத்தில் சாலையின் பெயர் ‘சமரச வேத தருமச்சாலை’. வள்ளலாரின் பார்வை வேத, ஆகம மரபிலிருந்து விலகிய பிறகு, 1872இல் ‘வேத’ என்ற சொல் நீங்கி, ‘சமரச சுத்த சன்மார்க்க சத்திய தருமச்சாலை’ ஆயிற்று. ஐந்தே ஆண்டுகளில் கொள்கையின் அடிப்படையே நகர்ந்திருக்கிறது. அவருடைய பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று ஊர் இரண்டுபட்டதும் இதே காலத்தில்தான். இத்தனைக்கும் நடுவில் சமையற்கட்டில் எதுவும் மாறவில்லை. காலையில் உலை வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பசியைப் பொதுப்பணியின் மையமாக வைத்தது கருணையால் மட்டும் நேர்ந்தது போலத் தோன்றவில்லை. அதில் கூர்மையான நடைமுறை அறிவும் இருக்கிறது. கோயில் திருப்பணி ஒருநாள் முடியும், குடமுழுக்கு நடக்கும், குழு கலையும். பசிக்குக் குடமுழுக்கு கிடையாது. காலையில் உண்டவர் இரவில் மீண்டும் வருவார். அடுப்பின் அமைப்பிலேயே இந்த முடிவின்மை தெரிகிறது. ஏறத்தாழ 21 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்ட அந்த அடுப்பில் பெரிய பாத்திரங்களை வரிசையாக ஏற்றலாம். வேலை ஓய்ந்த நேரத்திலும் கனல் விடக்கூடாது என்பதால், யாராவது ஒருவர் இரவிலும் அதைக் கவனித்தாக வேண்டும். உற்சாகம் வரும்போது செய்யலாம் என்று ஒத்திப்போட முடியாத வேலை இது. உணர்ச்சி வற்றிய நாளிலும் வேலை நிற்காதபடி ஏற்பாடு செய்வதே நெடுங்காலப் பற்றுக்கு அடித்தளம் என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழகச் சமய வரலாற்றில் அரிது.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. சாலை இன்று இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. எனவே அது அரசு இயந்திரத்தின் நீடிப்பே தவிர, அடியார்களின் பற்று அல்ல என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் துறை பார்ப்பது நிர்வாகத்தை. சாலைக்கு அரிசியும் காய்கறியும் பணமும் கொடுப்பவர்கள் மக்கள். மூட்டையை இறக்கி, ரசீது வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பந்தியில் உட்காரும் விவசாயியைத் துறை நியமிக்கவில்லை. தமிழகத்துச் சிற்றூர்களிலும் மலேசியாவிலும் சன்மார்க்க சங்கத்தார் நடத்தும் அன்னதானத்துக்கு அறநிலையத் துறையோடு தொடர்பே இல்லை.

இன்னொரு மறுப்பு வலுவானது. சோறு போடுவது பசியை ஆற்றும்; பசி ஏன் வந்தது என்று கேட்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பஞ்சங்களுக்கு மழை பொய்த்தது மட்டும் காரணமல்ல. வரிக்கொடுமைக்கும் தானிய ஏற்றுமதிக்கும் அவற்றில் பங்குண்டு. அதைச் சாலை எதிர்கொள்ளவில்லை என்பது உண்மை. எத்தனை தருமசாலைகள் கூடினாலும், பள்ளிச் சத்துணவுத் திட்டம் ஒரே நாளில் எட்டும் குழந்தைகளின் எண்ணிக்கையை நெருங்க முடியாது. ஆனால் இங்கே ஆராயப்படுவது பணியின் அளவு அல்ல, அதன் ஆயுள்.

அந்த ஆயுளுக்கு மற்றொரு காரணம் நிலம். சாலையும் சபையும் அமைந்த ஏறத்தாழ 80 காணி, அதாவது நூறு ஏக்கருக்குச் சற்று மேலான பரப்பு, பார்வதிபுரம் கிராமத்தார் விலையின்றிக் கொடுத்தது. செல்வந்தர் ஒருவரோ ஜமீனோ எழுதிவைத்திருந்தால் அது அவர் பெயரில் ஒரு கட்டளையாக முடிந்திருக்கும். ஊர் கொடுத்ததால் கதை வேறாயிற்று. கொடுத்தவரின் பேரப்பிள்ளைகளுக்கு அதில் வருமானம் இல்லை. ஆனால் அங்கே நடப்பதைக் கேட்கும் பாத்தியதை தங்களுக்கு உண்டு என்ற எண்ணம் மட்டும் கைமாறி வந்துகொண்டே இருக்கிறது.

2024இல் அது வெளிப்படையாகத் தெரிந்தது. சபையின் முன்னுள்ள பெருவெளியில் சுமார் 100 கோடி ரூபாயில் வள்ளலார் சர்வதேச மையம் கட்ட அரசு அந்த ஆண்டு பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியது. வெளியூரிலிருந்து வருவோர்க்கு வசதிகள் வேண்டும் என்பது அரசின் வாதம். அதைத் தள்ளிவிட முடியாது. ஏப்ரலில் பார்வதிபுரத்து மக்கள் தோண்டிய பள்ளங்களில் இறங்கிப் போராடினார்கள். தைப்பூசத்தில் சபையின் ஏழு திரை நீங்கும்போது இலட்சக்கணக்கானோர் நின்று சோதி காண்பதற்காகவே முன்னோர் இந்த வெளியைக் கொடுத்தார்கள் என்பது அவர்கள் தரப்பு. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று.

மையம் அங்கே வேண்டுமா, வேறிடத்தில் வேண்டுமா என்பது தனி விவாதம். ஆய்வாளரின் கவனத்துக்குரியது போராடியவர்கள் பேசிய தொனி. பயனாளிகளாக அவர்கள் மனுக் கொடுக்கவில்லை. பக்தர்களாக மட்டும் உரிமை கோரவும் இல்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கைவிட்டுப் போன காணிக்குப் பொறுப்பாளிகளாகவே பேசினார்கள். அத்தகைய பொறுப்புக்குச் சட்டத்தில் எவ்வளவு இடமுண்டு என்பது நீதிமன்றத்தின் பாடு. இயக்கங்களின் ஆயுளை ஆராய்வோர், தலைவர் சொன்னதைத் தேடும் அக்கறையில் ஒரு பங்கையாவது ஊரார் கொடுத்ததைத் தேடுவதில் செலவிட்டால் தமிழகத்தின் பிற சத்திரங்களும் அன்னசாலைகளும் ஏன் நின்றன, ஏன் நிலைத்தன என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க வழி பிறக்கும்.