வரிசைக்குப் பின்னால் நிற்பவன்

பாலாவி உப்பளத்தில், வரம்பு எந்த இடத்தில் உடையும் என்று முன்னறிந்து அங்கே மண்வெட்டியோடு போய் நிற்கும் ஆளுக்கு என்ன மதிப்போ, அதே மதிப்பு அமெரிக்கப் பந்தாட்டத்தில் லைன்பேக்கர் என்னும் வீரனுக்கு உண்டு. தோளோடு தோள் முட்டும் பெருஞ்சரீரிகளின் முன்வரிசைக்குச் சற்றுப் பின்னே முழங்காலை மடித்து நின்று, எதிரணியாரின் முதலடி முன்னே வருகிறதா, பின்னே போகிறதா என்று கண்கொட்டாமல் நோக்கி, முன்னே வந்தால் பந்தோடு ஓடப்போகிறார்கள் என்றும், பின்னே போனால் எறியப்போகிறார்கள் என்றும் அக்கணமே நிச்சயித்துப் பாய்வது அவன் தொழில்.

இத்தொழில் ஒரே நாளில் உற்பத்தியானதன்று. யேல் பல்கலைக்கழகத்து வால்டர் காம்ப் 1880இல், அணிக்குப் பதினொருவர் என்றும், பந்தை நடுவே வைத்து இரு தரப்பும் எதிரெதிரே நிற்கவேண்டும் என்றும் விதி செய்வித்த பின்னரே வரிசை என்ற ஒன்று ஏற்பட்டது. மிச்சிகனில் 1904 முதல் ஆடிய அடால்ஃப் சுல்ஸ், வரிசையின் மத்தியில் நிற்கவேண்டியவர், தாமாகவே பின்வாங்கி நின்றாராம். பயிற்சியாளர் யோஸ்ட் முதலில் முகஞ்சுளித்தார் என்பர். 1906இல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதி பிறந்ததும் அந்தப் பின்வாங்கலின் அருமை எல்லோருக்கும் புலனாயிற்று.

நம் உபகண்டத்து வம்சாவளியினர் ஒருவரும் இத்தொழிலில் பிரகாசித்தார். இந்தியத் தந்தைக்கு 1982இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த பிராண்டன் சில்லார், 2004இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியால் நான்காம் சுற்றில் தெரிந்தெடுக்கப்பட்டு, நான்கு பருவங்கள் அங்கே ஆடி, 2008இல் கிரீன் பே பேக்கர்ஸுக்குப் போனார். 2010 பருவத்தின் நடுவே தோளில் காயம். 2011 பெப்ரவரியில் பேக்கர்ஸ் பிட்ஸ்பர்க்கை 31–25 என வென்று சூப்பர் பவுல் பட்டத்தைக் கைப்பற்றியபோது அவர் களத்தில் இல்லை. சில மாதங்களில் கழகமும் அவரை விடுவித்துவிட்டது.

அவ்வாண்டே அறிவிக்கப்பட்ட எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியாவில் பணம் போட்டவர்களுள் சில்லாரும் ஒருவர். அதன் முதற் பருவ ஆட்டங்கள் 2012இல் நம் கொழும்பிலேயே தொலைக்காட்சிக்காக நடந்தேறின. பள்ளிக்கூட மைதானங்களில் நூறாண்டு ஊறிய வித்தையைப் பணத்தைக் கொண்டு ஒரே பருவத்தில் நட்டுவிடலாம் என்ற எண்ணம் எனக்கு ஒப்பவில்லை. இறுதியாட்டத்தில் பூனே, டெல்லியை 6–0 என்று வென்றது; எறிவதும் பிடிப்பதும் கைவரப் பல்லாண்டு செல்லும், ஆளை மடக்கி வீழ்த்துவதோ சீக்கிரம் கைவந்துவிடும் என்பதற்கு அந்தக் கணக்கே எனக்குப் போதும்.