வாலை வடித்தலின் பாவனைக் கணக்கு

வாலை வடித்தலின் பாவனைக் கணக்கு என்பது, திரவக் கலவையொன்றைக் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிர்வித்து, எளிதில் ஆவியாகும் பொருளை ஆகாததினின்றும் வேறாக்கும் தொழிலை, அடுப்பும் கலமும் இன்றிச் சமன்பாடுகளின் வழியே கணிப்பொறியில் நடத்திப் பார்க்கும் முறையாகும். காய்ச்சி வடித்தல், அழுத்தத்தைத் தணித்துத் திடீரென ஆவியாக்கல், வாயுவைத் திரவத்தில் உறிஞ்சச் செய்தல், உறிஞ்சிய வாயுவை வெப்பத்தால் மீட்டல் ஆகிய நான்கும் இதன் எல்லைக்குள் அடங்கும். பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியின் பள்ளத்தாக்கிலும் அதன் கடற்கரையிலும் சித்த மருத்துவரின் வாலையும், உப்பளங்களும், பெரும் இரசாயன ஆலைகளும் ஒருங்கே அமைந்திருத்தலால், இக்கலையின் பழமையையும் புதுமையையும் ஒரே நிலப்பரப்பில் வைத்து விளக்க இயலுகின்றது.

முன்வரலாறு

சித்த மருத்துவம் வகுத்த முப்பத்திரண்டு அகமருந்துகளுள் தீநீர் ஒன்று. சரக்குகளை நீரில் ஊறவைத்து வாலையிலிட்டுக் காய்ச்ச, எழுந்த ஆவி மேற்கலத்துக் குளிர்நீரால் தணிந்து துளிகளாகி, உட்புற விளிம்பு வழியே ஓடி, மூக்குக் குழாயால் இறங்குவதே அதன் ஆக்கமுறை. மேற்கலத்து நீர் சூடேறியவுடன் அதை மாற்றிப் புதுநீர் வார்க்க வேண்டும் என்னும் விதி, ஆலைப் பொறியாளர் கண்டென்சர் என்று வழங்கும் குளிர்கலத்தின் வெப்பக் கணக்கையே அனுபவத்தால் அறிந்து சொன்னதாகும். வாலையை வாலுகா இயந்திரத்தோடு மயங்குதல் கூடாது. பின்னது மணலைச் சூடாக்கி அதனுள் வைத்த குப்பிக்குச் சீரான வெப்பம் ஊட்டுவது. திடப்பொருள் உருகாமலே ஆவியாகி மேலே படியும் பதங்கமும் வேறு. திரவத்தினின்று ஆவி, ஆவியினின்று மீண்டும் திரவம் என்னும் இரு மாற்றமும் நிகழ்வதே வாலையின் இலக்கணம்.

பொதிகையை அகத்தியரின் உறைவிடமாகப் போற்றும் இந்நாட்டில் 1964-இல் பாளையங்கோட்டையில் அரசினர் சித்த மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது. அத்தகைய கல்லூரிகளில் பயிலப்படும் ஓமத்தீநீர், பௌதிக இரசாயனத்தின் அரிய பாடம் ஒன்றைத் தன்னுள் அடக்கியது. ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமோல், தனியே காய்ச்சினால் சுமார் 232 பாகை செல்சியஸில் கொதிப்பது. ஆயினும் நீரோடு சேர்த்துக் காய்ச்சுகையில், 100 பாகைக்குச் சற்றே கீழேயே அது நீராவியோடு புறப்பட்டு வந்துவிடுகின்றது. ஒன்றிலொன்று கரையாத இரு திரவங்கள் தத்தம் ஆவியழுத்தத்தைக் குறைவின்றிச் செலுத்துவதும், அவ்விரண்டின் கூட்டுத்தொகை வளிமண்டல அழுத்தத்தை எட்டியதும் கொதித்தல் நிகழ்வதுமே இதன் காரணம்.

வகைப்பாடு

பாவனைக் கணக்கில் இறங்குமுன் கலவை எவ்வினத்தது என்று அறிதல் இன்றியமையாதது. இனங்களை ஐந்தாக வகுக்கலாம்.

முதலாவது, ஒரு பொருள் மட்டுமே ஆவியாகும் கலவை. தூத்துக்குடி உப்பளங்களில் உவர்நீர் பாத்திக்குப் பாத்தி மாறிச் செறிவேறி, அடர்த்தி காட்டும் போமே மானியில் 25 டிகிரி அளவை எட்டுகையில் உப்பு படிவதும், உடன்குடிப் பகுதியில் பதநீர் காய்ந்து பாகாகிக் கருப்பட்டியாவதும் இவ்வினம். செறிவு ஏற ஏறக் கொதிநிலையும் உயருமாதலின், அவ்வுயர்வை விட்டுச் செய்யும் கணக்கு விறகையும் நேரத்தையும் குறைத்தே காட்டும்.

இரண்டாவது, ஒன்றிலொன்று கரையாத ஆவியாகும் பொருள்கள்; ஓமத்தீநீர் இதற்கு எடுத்துக்காட்டு. மூன்றாவது, முற்றும் கலந்து, வடிப்புக் கோபுரத்துள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த தட்டுகளில் சீராகப் பிரிவன. இவ்வினத்தில் கொதிநிலை வேற்றுமை சிறுகச் சிறுகத் தட்டுகளின் எண்ணிக்கை பெருகும். நீர் 100 பாகையிலும், டியூட்டீரியம் என்னும் கன ஹைட்ரஜன் கொண்ட கனநீர் 101.4 பாகையிலும் கொதிப்பதால், அவ்விரண்டையும் வடித்துப் பிரிக்கும் கோபுரம் மிக நெடியதாகின்றது.

நான்காவது, குறிப்பிட்ட செறிவில் ஆவியும் திரவமும் ஒரே அமைப்புடையனவாகி, மேலும் பிரியாது நின்றுவிடும் மாறாக்கொதிநிலைக் கலவைகள். எத்தனாலும் நீரும், எடையில் ஏறத்தாழ 95.6 விழுக்காடு எத்தனால் உள்ளபோது, இரண்டின் கொதிநிலைக்கும் கீழான 78.2 பாகையில் இந்நிலை அடைகின்றன. ஹைட்ரோகுளோரிக் அமிலமோ ஏறத்தாழ 20 விழுக்காட்டில், நீரின் கொதிநிலைக்கும் மேலான 108.6 பாகையில் அடைகின்றது. ஐந்தாவது, கரைந்த வாயு திரவத்தோடு இரசாயன வினையும் புரியும் இனம்.

சமநிலை மாதிரிகள்

ஆவிக்கும் திரவத்துக்கும் இடையே ஒவ்வொரு பொருளும் எவ்விகிதத்தில் பங்கிட்டுக்கொள்ளும் என்பதே பாவனையின் உயிர்நாடி. 1887-இல் ரவுல்ட் வகுத்த விதி, ஒத்த தன்மையுள்ள பொருள்களுக்கே பொருந்துவது. 1888-இல் ஆந்துவான் அளித்த சமன்பாடு, தூய பொருளின் ஆவியழுத்தத்தை உஷ்ணநிலையினின்று கணித்துத் தருவது. வான்டர்வால்ஸ் 1873-இல் தொடங்கிய நிலைச் சமன்பாட்டு மரபில் 1972-இல் சோவேயும், 1976-இல் பெங்கும் ராபின்சனும் வகுத்தவை பெட்ரோலிய வாயுக்களுக்கும் உயர் அழுத்தத்துக்கும் ஏற்றன. நீர், ஆல்கஹால் போன்ற முனைவுப் பொருள்களுக்கு வில்சன் (1964), ரெனானும் பிராஸ்னிட்ஸும் (1968), ஆப்ராம்ஸும் பிராஸ்னிட்ஸும் (1975) வகுத்த செயற்பாட்டெண் மாதிரிகளே உரியன.

இத்தேர்வில் பிழை நேருமாயின், கணக்கு முறை எத்துணை நுட்பமாயினும் பயனில்லை. ஓம எண்ணெயையும் நீரையும் ஒன்றாகக் கலந்த ஒரே இலட்சியத் திரவம் என்று கணிப்பொறிக்கு அறிவித்தால், தைமோல் ஏறத்தாழ ஆவியாகாது என்றே அது விடை தரும். அவ்விடை கூறுமிடத்துத் தயக்கமோ எச்சரிக்கையோ காட்டாது. இரு திரவங்களும் ஓர் ஆவியும் உள்ளன என்று அறிவித்தபோதே, மூக்கில் மணக்கும் தீநீர் கணக்கிலும் மணக்கும். வாலையின் முன் அமர்ந்து, வடிந்த நீரின்மேல் எண்ணெய் மிதக்கக் கண்டறிந்தவருக்கு இப்பிழை நேராது. ஆகவே, கலவையின் இயல்பை நேரிற் கண்டறியும் அறிவே பாவனைக் கணக்கின் முதற்படி எனக் கொள்ள வேண்டும்.

கணக்கு முறைகள்

கோபுரத்தைத் தட்டுத் தட்டாகக் கணக்கிடும் வழியை 1893-இல் சோரேல் காட்டினார். 1925-இல் மக்கேபும் தீலேயும் அதனை வரைபடத்தில் படிக்கட்டு இடும் எளிய முறையாக்கினர். மாணவர்கள் இன்றும் முதலில் பயில்வது அதுவே. ஒவ்வொரு தட்டிலும் பொருட்சமன், ஆவி–திரவச் சமநிலை, பின்னங்களின் கூட்டுத்தொகை, வெப்பச்சமன் ஆகிய நான்கும் ஒருங்கே நிறைவேற வேண்டும். ஐந்து பொருள்கள் உள்ள கலவையை இருபது தட்டுகளில் பிரிக்க முற்படின், இந்நான்கு வகையிலும் 260 சமன்பாடுகள் எழும். கைக்கணக்கால் ஆகாத இச்சுமையைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டது. 1966-இல் வாங், ஹென்கே ஆகியோரின் அணிக்கணக்கும், 1974-இல் பாஸ்டன், சல்லிவன் ஆகியோரின் உள்–வெளிச் சுழற்சி முறையும் இதில் திருப்புமுனைகள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1976-இல் தொடங்கிய ஆஸ்பென் என்னும் பாவனை மென்பொருள் திட்டம் 1981-இல் தனி நிறுவனமாயிற்று.

கடற்கரை ஆலைகள்

மேற்கூறிய இனங்கள் பலவும் தூத்துக்குடிக் கரையில் பெருந்தொழிலாக விளங்கின. 1975-இல் உற்பத்தி தொடங்கிய ஸ்பிக் உர ஆலையில், அம்மோனியா உயர் அழுத்தத்தில் குளிர்ந்து திரவமாகி, வினைப்படாத வாயுக்களினின்றும் பிரிகின்றது. அதனருகே 1978-இல் இயங்கத் தொடங்கிய கனநீர் ஆலை, ஸ்பிக்கின் வாயுவைப் பெற்று, ஹைட்ரஜனுக்கும் திரவ அம்மோனியாவுக்கும் இடையே டியூட்டீரியம் இடம்மாறும் இயல்பைப் பயன்படுத்தியது. இயற்கையில் ஏறத்தாழ 6,500 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்றே டியூட்டீரியமாதலின், நெடுங்கோபுரங்களின் பல நிலைகளில் எதிரெதிராகப் பாயும் வாயுவும் திரவமும் இங்கு வேண்டப்பட்டன. ஆறுமுகநேரிக்கு அருகே சாகுபுரத்திலுள்ள டி.சி.டபிள்யூ. ஆலையில் இல்மனைட்டின் இரும்பு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கரைத்து நீக்கப்படுகின்றது. அவ்வமிலத்தின் நீர்த்த கரைசல் எதனையும் எளிய வடித்தலால் 20 விழுக்காட்டுக்கு மேற் செறிவாக்க இயலாமை நான்காம் இனத்தின் விதி.

ஐந்தாம் இனத்துக்குத் தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் ஆலை உலகறிந்த சான்றாயிற்று. சோடா சாம்பலும் அம்மோனியம் குளோரைடும் செய்யும் அவ்வாலையில், நிலக்கரிக் கொதிகலனின் புகையினின்று ஆண்டுக்கு 60,000 டன் கரியமிலவாயுவைப் பிடித்து மூலப்பொருளாக்கும் அமைப்பு 2016-இல் செயற்படத் தொடங்கியது. அதற்கான கரைப்பானை அளித்தது, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற இருவர் 2009-இல் நிறுவிய கார்பன் கிளீன் நிறுவனம். இத்தகைய அமைப்புகளில் சுமார் 40 பாகையில் வாயுவை ஏற்கும் அமீன் கரைசல், சுமார் 120 பாகையில் அதனை விடுவிக்கும். கரைந்த வாயு அயனிகளாகவும் மாறுவதாலும், அம்மாற்றத்தின் வேகம் கோபுரத்தின் உயரத்தை நிர்ணயிப்பதாலும், தட்டுதோறும் சமநிலை எய்தியது என்னும் பழைய கொள்கை இங்குச் செல்லாது. 1985-இல் கிருஷ்ணமூர்த்தியும் டெய்லரும் வகுத்த வேகவழிக் கணக்கே தக்கது.

இன்றைய நிலை

ஆஸ்பென் பிளஸ், ஹைசிஸ் ஆகிய விலையுயர்ந்த மென்பொருள்கள் ஆலைகளில் வழங்குகின்றன. பிரேசில் நாட்டு டேனியல் மெடெய்ரோஸ் ஆக்கிய டி.டபிள்யூ.சிம் என்னும் கட்டணமற்ற மென்பொருளை மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாசி திட்டம், பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யாவின் முயற்சியால், கல்லூரிகளில் பரப்பி வருகின்றது.