தரையோர ஏற்பு ஆன்டெனா

தரையோர ஏற்பு ஆன்டெனா என்பது அமெச்சூர் வானொலியில் (ஹாம் வானொலி) அலைகளைப் பெறுவதற்கு மட்டும் பயன்படும் நீண்ட கம்பி. தரைக்குச் சில அடி உயரத்திலோ, தரையின் மேலேயோ இது இழுக்கப்படுகிறது. ஆன்டெனா உயரத்தில் இருந்தால்தான் நன்றாகக் கேட்கும் என்பது பொதுவான எண்ணம். 160 மீட்டர், 80 மீட்டர் அலைவரிசைகளில் அது பெரும்பாலும் பொய்த்துப்போகிறது.

இந்த அலைவரிசைகளில் கேட்பவரை வெல்வது இரைச்சல்தான். இடிமின்னலின் சடசடப்பு பல நூறு கிலோமீட்டர் தாண்டியும் வரும், எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், சார்ஜர் ஆகியவற்றின் இரைச்சல் பக்கத்து வீட்டிலிருந்தே வரும். உயர்ந்த ஆன்டெனா குரலையும் இரைச்சலையும் சேர்த்தே வாங்கித் தருகிறது. தரையோரக் கம்பி இரண்டையுமே குறைக்கிறது. ஆனால் இரைச்சலைக் கூடுதலாகக் குறைக்கிறது. சந்தைக் கூச்சலில் ஒருவர் பேச்சைக் கேட்கக் காதருகே கையைக் குவிப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

வரலாறு

முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஹாரிஸ் ரோஜர்ஸ் கம்பிகளை மண்ணில் புதைத்தும் நீரில் ஆழ்த்தியும் செய்திகளைக் கேட்டார். அந்நாட்டுக் கடற்படையும் அம்முறையைப் பயன்படுத்தியது. அலைகள் பூமிக்குள்ளாகவே பயணம் செய்கின்றன என்ற அவரது விளக்கம் நிலைக்கவில்லை. இரைச்சல் குறைகிறது என்ற கவனிப்பு நிலைத்தது.

சரியான விளக்கத்தைத் தந்தவர் ஹரால்ட் பெவரேஜ். 1919இல் மெய்ன் மாநிலத்தின் ஓட்டர் கிளிஃப்ஸில் அவர் சோதனை செய்தார். மண்ணருகே ஓடும் நீண்ட கம்பியின் ஒரு முனையை மின்தடை வழியாக மண்ணில் இணைத்தால், அது ஒரே திசையை நோக்கிக் கேட்கிறது என்று 1920இல் கண்டார். மின்கடத்தும் திறன் குறைந்த மண்ணின் மேல் செல்லும் அலை சற்று முன்சாய்கிறது. அந்தச் சாய்வுதான் கம்பி நெடுக மின்னோட்டத்தைத் திரட்டுகிறது. பின்புறமிருந்து வரும் அலையும் அப்படியே திரள்கிறது. ஆனால் மின்தடையில் போய் வெப்பமாகி மடிகிறது. 1923இல் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகியோருடன் சேர்ந்து அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் ஒலிபெருக்கியின் மூலவடிவமும் இந்த ரைஸ், கெல்லாக் இருவருடையதே.

இதன் பெருமை உலகறிந்தது 1921 டிசம்பரில். அமெரிக்க அமெச்சூர்களின் சிற்றலை அட்லாண்டிக் கடலைத் தாண்டுமா என்று அறிய பால் காட்லி ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பட்டார். ஆர்ட்ராசன் ஊர் அருகே, குளிரிலும் மழையிலும் ஒரு கூடாரத்தில் அமர்ந்து, சுமார் 1300 அடி நீளப் பெவரேஜ் கம்பியில் கேட்டார். கனெக்டிகட் மாநிலத்தின் 1பிசிஜி நிலையம் அனுப்பிய முழுச்செய்தி கிடைத்தது. அந்த வெற்றியைப் பாராட்டுவோர் அனுப்பியவர்களையே நினைக்கின்றனர். கேட்ட கம்பிக்கும் அதில் சமபங்கு உண்டு.

வெப்பமண்டலமும் தென்காசியும்

வெப்பமண்டலத்தில் இடி மிகுதி. அங்கு மத்திய அலை ஒலிபரப்பை இரைச்சல் கெடுத்ததால்தான் 60, 90 மீட்டர் பகுதிகளில் தனி அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டன. அகில இந்திய வானொலியின் சென்னை (4920 கிலோஹெர்ட்ஸ்), திருவனந்தபுரம் (5010 கிலோஹெர்ட்ஸ்) நிலையங்கள் அவ்வகையில் ஒலித்தவை. மெலிந்த குரலைக் கேட்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. 2004 ஆழிப்பேரலையின்போது அந்தமானில் இருந்த ஹாம் நிலையம் நிவாரணச் செய்திகளைக் கடத்தியது.

தென்காசி, குற்றாலம் பகுதிக்கு இம்முறையை எண்ணிப் பார்த்தால் மண்ணே முதலில் கவனிக்கத்தக்கது. பெவரேஜ் கம்பிக்கு வறண்ட, பாறை கலந்த தரை ஏற்றது. மலையடிவாரத்தில் அதற்குக் குறைவில்லை. நீர் தேங்கிய நெல்வயல் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அலையின் சாய்வு குறைந்து, பயனும் குறையும். மேற்கே மலைத்தொடர் எழுந்து நிற்பதால் அத்திசையில் தாழ்வாக வரும் அலை மறைக்கப்படலாம். கிழக்கு திறந்தவெளி.

பருவமும் பொருட்டு. ஜூன், ஜூலைச் சாரலில் இடி குறைவு. ஏப்ரல், மே மாதங்களிலும் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்திலும் இடி அதிகம். 400 மீட்டர் நிலம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கம்பியைத் தரையிலேயே கிடத்தினால், அதில் அலையின் வேகம் குறைவதால், 160 மீட்டர் அலைவரிசைக்கும் 60 முதல் 70 மீட்டர் நீளம் போதும். பிசான அறுவடை முடிந்து வயல் காய்ந்தபின், கோடை இடி தொடங்குமுன் உள்ள சில வாரங்கள் இதற்கு வாய்ப்பானவை. ஆடுமாடு மேயும் வரப்பில் மட்டும் கம்பியை விடக் கூடாது. உழவுக்கு முன் சுருட்டி எடுத்துவிட வேண்டும்.