சிரிக்காத மூன்று முகங்கள்

தேயிலைப் பெட்டிகளில் கொழுந்து பறிக்கும் பெண் எப்போதும் சிரிக்கிறாள். டிக்கோயாவில் இருக்கும் நமக்குத் தெரியும், மலை இறங்கி வரும்போது அந்த முகம் எப்படி இருக்கும் என்று.

அம்ரிதா ஷேர்கில் 1935இல் வரைந்த 'மூன்று பெண்கள்' எண்ணெய் ஓவியத்தை வகுப்பில் காட்டினோம். புடாபெஸ்டில் பிறந்து, பாரிஸில் ஓவியம் படித்து, 1934 கடைசியில் இந்தியா திரும்பியவர். அப்போது வயது 21தான். மூவரில் ஒருத்திகூட நம்மைப் பார்ப்பதில்லை. கண் தாழ்ந்து, ஏதோ யோசனை. 1937இல் பம்பாய் கலைச் சங்கம் இதற்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1941இல், 28 வயதில், லாகூரில் அவர் இறந்துபோனார்.

"வேலை விட்டு வந்து அம்மா இப்படித்தான் சேர் இஸ்தோப்புல உக்காந்திருப்பாங்க" என்றாள் ஒரு பிள்ளை.

பழைய குடும்பப் படங்கள் வீட்டில் இருந்தால் கொடுத்தனுப்புங்கள். சிரிக்காத படமென்று ஒதுக்க வேண்டாம். பிள்ளைகள் அவற்றைப் பார்த்து வரையப்போகிறார்கள்.