வெறுங்காலும் வெற்றிப் புகழும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கடற்கரை மணலிற் சிறுவர் வெறுங்காலுடன் பந்துதைத்து மகிழ்வதைக் கண்டிருக்கின்றோம். அச்சிறுவரே வளர்ந்து கல்லூரி அணியிற் சேர்ந்ததும் நிலைமை மாறிவிடுகின்றது. எல்லைக்கோட்டருகே வந்து நிற்கும் பழைய மாணவர், எதிரே ஆடும் பதினொருவரைப் பார்ப்பதிலும் தம் காலத்துப் பதினொருவரை நினைப்பதே மிகுதி. முன்னோர் வென்ற கிண்ணம் இளையோர்க்கு ஊக்கமோ, சுமையோ? கல்கத்தா நகரின் உதைபந்தாட்ட வரலாறு இதற்கு நல்லதொரு சான்றாகும்.

1889 இல் தோன்றிய மோகன் பகான் கழகம், 1911 யூலை 29 ஆம் நாள், கிழக்கு யோக்சயர் படையணியை 2–1 என வென்று இந்திய உதைபந்தாட்டச் சங்கத்தின் கேடயத்தைக் கைப்பற்றிற்று. படையினர் சப்பாத்தணிந்து ஆடினர். வங்காளியருள் சுதீர் சட்டர்ஜி ஒருவர் நீங்கலாக ஏனைய பதின்மரும் வெறுங்காலினர். தலைவர் சிப்தாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் பந்தை வலைக்குட் செலுத்தினர். 1905 இல் வங்கம் துண்டாடப்பட்ட துயர் ஆறாத மக்களுக்கு அது வெறும் விளையாட்டாகவா தோன்றியிருக்கும்? ஆள்வோரை வென்றோம் என்றே ஆர்ப்பரித்தனர். வெறுங்கால் அன்றே மானத்தின் சின்னமாயிற்று.

அதே கேடயம் அக்கழகத்துக்கு மீண்டும் கிட்டியது 1947 இலேயாம். இடையே 1923 இறுதியாட்டத்தில் கல்கத்தாக் கழகத்திடம் 0–3 எனத் தோற்றது. நனைந்த தரையில் வெறுங்கால் வழுக்கும் என்பதை அறியாதார் இலர். எனினும், 1911 ஐ அதே கோலத்தில் மறுபடியுங் காண விழைந்த கூட்டத்தின் முன்னே கோலத்தை மாற்றுதல் எளிதன்று என்பதே என் கருத்து. அத்தகைய பழம்புகழ் இல்லாத முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகமோ மழைநாளிற் சப்பாத்தணியத் தயங்கவில்லை. 1934 முதல் 1938 வரை ஐந்தாண்டும் தொடர்ந்து கல்கத்தா லீக் வாகையை அதுவே சூடிற்று. அதற்குமுன் இந்தியக் கழகம் எதுவும் அவ்வாகையைப் பெற்றதில்லை.

1948 இல் இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியர் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி, இரு தண்டனை உதைகளை வீணாக்கி, பிரான்சிடம் 1–2 எனத் தோற்றனர். 1952 இல் ஹெல்சிங்கியில் யூகோசிலாவியாவிடம் 1–10. அதன் பின்னரே சப்பாத்து கட்டாயமாக்கப்பட்டது.

சப்பாத்து வந்தது, சுமை இறங்கவில்லை. 1975 கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் கழகத்திடம் மோகன் பகான் 0–5 எனத் தோற்ற இரவு, அவ்வணியினர் சிலர் தம் இரசிகரின் சினத்துக்கு அஞ்சி வீடு செல்லாது, கங்கையில் ஒரு படகிலேயே பொழுதைக் கழித்தனர் என்பர்.