கம்பிச் சன்னலிலிருந்து காப்புப் படலம் வரை

தமிழகத்து வீட்டுச் சன்னலின் காவல் நெடுங்காலம் இரும்பிடமும் மரத்திடமும் இருந்தது. மரச்சட்டத்தில் துளையிட்டுச் செங்குத்தாக நிறுத்திய கம்பிகள் ஆளைத் தடுத்தன. பலகைக் கதவுகள் மழையையும் பிறர் பார்வையையும் தடுத்தன. பலகைக்குப் பதிலாகப் பூப்போட்ட கண்ணாடி வந்தபோதும், கம்பியின் இடத்தைக் கிரில் எடுத்துக்கொண்டபோதும் இந்த வேலைப் பிரிவினை மாறவில்லை. கண்ணாடி உடைந்தால் தூசியும் கொசுவும் வருமே தவிரத் திருடன் நுழைய வழியில்லை என்பதால், வீடு கட்டுவோர் அதன் வலிமையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பிரிவினையைக் கலைத்த மாற்றத்தில் ஸ்ரீபெரும்புதூருக்கு நேரடிப் பங்கு உண்டு. இராமானுசர் பிறந்த தலமாக அறியப்பட்ட இவ்வூரின் சுற்றுப்புறம், சிப்காட் தொழிற்பூங்காக்களாலும், இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய் ஆலையாலும் உருமாறிக்கொண்டிருந்த வேளையில், 1665இல் பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் பிரான்சில் தோன்றிய செயின்ட் கோபைன் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் இங்கே தன் மிதவைக் கண்ணாடி ஆலையைத் தொடங்கியது. சிலிக்கா மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல், டோலமைட் ஆகியவற்றை ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்கி, அக்குழம்பை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதந்து பரவவிட்டு, மெல்ல ஆறவைத்து எடுப்பதே மிதவைக் கண்ணாடி. 1950களில் இங்கிலாந்தில் அலஸ்டர் பில்கிங்டன் வகுத்த இம்முறையில், தேய்த்து மெருகேற்றாமலே இரு முகங்களும் சமதளமாக அமைவதால், நெளிவற்ற அகலமான கண்ணாடி மலிவாகக் கிடைக்கிறது. அடுக்ககங்கள் பெருகியபோது, பால்கனிக்கும் கூடத்துக்கும் நடுவே யுபிவிசி சட்டத்தில் நகரும் முழு உயரக் கண்ணாடிக் கதவுகள் வந்தன. கிரில் இல்லாத அந்த இடங்களில், முன்பு இரும்பு செய்த காவலைக் கண்ணாடியே செய்ய வேண்டியதாயிற்று.

அதற்குச் சாதாரணக் கண்ணாடி தகுதியற்றது. அடிபட்டால் அது கத்தி போன்ற நீண்ட துண்டுகளாகப் பிளந்து விழுகிறது. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் காற்றால் திடீரெனக் குளிர்விக்கப்படும் வலுவூட்டிய கண்ணாடி, அதாவது கடைகளில் டஃபன்ட் கண்ணாடி எனப்படுவது, பல மடங்கு அடியைத் தாங்குமெனினும், உடையும்போது முழுதும் சிறு மணிகளாக உதிர்ந்து, காயத்தைக் குறைத்தாலும் வழியைத் திறந்துவிடுகிறது. உடைந்த துண்டுகளை ஒன்றாகப் பிடித்து வைக்கும் வழி பிரான்சில் பிறந்தது: செல்லுலோஸ் நைட்ரேட் உலர்ந்து படிந்திருந்த குடுவையொன்று 1903இல் கீழே விழுந்து விரிசலிட்டும் சிதறாததைக் கவனித்த எடுவார் பெனடிக்டஸ், இரு கண்ணாடிகளுக்கு நடுவே பிசின் அடுக்கை வைக்கும் முறைக்கு 1909இல் காப்புரிமை பெற்றார். இன்றைய கார்களின் முன்கண்ணாடி இதன் வழித்தோன்றலே.

ஏற்கெனவே பொருத்திய கண்ணாடிக்கு இம்முறை உதவாது. இரண்டாம் உலகப் போரில் லண்டன்வாசிகள் சன்னல்களில் குறுக்கும் நெடுக்கும் காகிதப் பட்டைகளை ஒட்டியது இந்த இக்கட்டுக்குக் கண்ட எளிய தீர்வு. 1941இல் இங்கிலாந்தின் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டறிந்த பாலியஸ்டர் வகை, பின்னர் மெல்லிய உறுதியான தாளாக வந்தபோது, அந்தப் பட்டையின் வேலையைக் கண்ணுக்குத் தெரியாத படலம் ஏற்றது. பாலியஸ்டர் அடுக்குகளும், கீறல் தாங்கும் மேற்பூச்சும், அழுத்தினால் பற்றும் பசையும் கொண்ட இப்படலத்தைச் சோப்பு நீர் தெளித்த கண்ணாடியில் ஒட்டி, ரப்பர் அலகால் நீரை வழித்தெடுக்கின்றனர். வீட்டுக் காவலுக்கு 100 மைக்ரான் முதல் 200 மைக்ரான் வரை, அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் இரு பங்கு வரை, தடிமன் வழக்கமானது. மீந்த ஈரம் உலர்ந்து பசை முழு வலுவை அடைய, படலத்தின் தடிமனைப் பொறுத்துப் பல வாரங்கள் ஆகலாம்.

தமிழகத்தில் இத்தொழிலின் கைத்திறன் கார்களின் வழியே பரவியது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற உதிரிப்பொருள் தெருக்களில் சன் ஃபிலிம் ஒட்டுவது தனி வேலையாக வளர்ந்திருந்த நிலையில், 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் வாகனக் கண்ணாடிகளில் கறுப்புப் படலம் ஒட்டுவதைத் தடை செய்தது. திருத்தப்பட்ட வாகன விதிகளின்படி, உரிய அளவு ஒளியை விடும் படலத்தை ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. வீட்டுச் சன்னலை இந்தத் தடை ஒருபோதும் தொடவில்லை. ஆயினும் வெயிலைத் தணிக்கும் மெல்லிய படலத்தையும் காவலுக்கான தடித்த படலத்தையும் வாங்குவோர் ஒன்றெனக் கருதுவது கவலைக்குரியது. முன்னதை நம்பி ஒரு குடும்பம் இரவில் அயர்ந்து உறங்கக் கூடாது.

தடித்த படலமும் கண்ணாடியை உடையாப் பொருளாக்குவதில்லை. கண்ணாடி உடைகிறது, துண்டுகள் படலத்தோடு ஒட்டி நிற்பதால், திருடன் மீண்டும் மீண்டும் தாக்க வேண்டியிருக்கிறது, ஓசை எழுகிறது, அக்கம்பக்கம் விழித்துக்கொள்கிறது. இந்தக் கால அவகாசமே படலம் தருவது. அதுவும் விளிம்பைப் பொறுத்தது: கண்ணாடியின் தெரியும் பரப்பில் மட்டும் ஒட்டினால், பலமாகத் தள்ளும்போது விரிசலிட்ட பலகை முழுதாகச் சட்டத்திலிருந்து கழன்று உள்ளே விழலாம் என்பதால், படலத்தின் ஓரத்தையும் சட்டத்தையும் கட்டமைப்பு சிலிக்கோன் பசையால் பிணைப்பது இன்றியமையாதது. தீ நேர்ந்தால் வெளியேறவும் வழி வேண்டும். படலம் ஒட்டிய கண்ணாடியை உள்ளிருப்போரும் எளிதில் உடைத்து வெளியேற முடியாது என்பதால், ஓர் அறைக்கு ஒரு சன்னலாவது சாவியின்றி உட்புறமிருந்து திறக்கக்கூடியதாக இருப்பது அவசியம்.