பாறையில் ஒட்டிய "மீனு"ம் ஒரு வாத்தியாரும்



ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் அறிவியல் பாடம் எடுத்த காலம். கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு திங்கட்கிழமை, செண்பகத்தோப்புப் பக்கமிருந்து வரும் பையன் ஒருவன் எழுந்தான். "சார், ஓடையில பாறையோட ஒட்டிக்கிட்டு ஒரு மீன் இருக்கு. இழுத்தாலும் வரமாட்டேங்குது" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து, "பாடத்தைக் கவனிடா" என்று உட்கார வைத்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் இந்த வரலாற்றைப் படித்தேன்.

நூறு ஆண்டுகளுக்கு முன், 1917-18 வாக்கில், நெல்சன் அன்னன்டேலும் சி.ஆர். நாராயண ராவும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டாறுகளில் வாழும் ஒரு தலைப்பிரட்டையைப் பற்றி எழுதினார்கள். உறிஞ்சும் வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு வெள்ளத்தைச் சமாளிக்கும் பிராணி அது. பிள்ளை கிடைத்துவிட்டது, பெற்றோர் யாரென்று தெரியவில்லை.

விடை 2003-ல் வந்தது. எஸ்.டி. பிஜுவும் பிராங்கி போசுய்ட்டும் இடுக்கியில் கிடைத்த ஊதாத் தவளையை 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். பருத்த உடம்பு, பன்றி போல மூக்கு. ஆண்டு முழுக்க மண்ணுக்குள் கரையான் தின்று வாழும். மழையில் சில நாள் மட்டும் இனப்பெருக்கத்துக்கு வெளியே வரும். அதனால் கேரளத்தில் அதை மாவேலித் தவளை என்கிறார்கள். அதன் நெருங்கிய சொந்தங்கள் இருப்பது கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில்! அந்த நிலமும் நம் நிலமும் ஒன்றாயிருந்த காலத்தின் சாட்சி அது.

2017-ல் ஜனனி, கார்த்திகேயன் வாசுதேவன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதன் இன்னொரு இனத்தை அறிவித்தார்கள். எங்கே தெரியுமா? நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில்! உடலமைப்பு, குரல், மரபணு மூன்றையும் ஒப்பிட்டு அது வேறு இனம் என்று நிறுவினார்கள். அந்தப் பக்கத்துத் தவளை தென்மேற்குப் பருவமழையை நம்பி முட்டையிடுகிறது. நம் பக்கத்தது வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிறது. கோவை சாலிம் அலி மையத்தில் பணியாற்றி, 2014-ல் அகத்தியமலைக் களப்பணியில் விபத்தில் உயிரிழந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

அந்தப் பையன் பார்த்தது இதன் குஞ்சுதானா என்று இன்று சொல்ல முடியாது. பாறையில் ஒட்டும் தலைப்பிரட்டைகள் வேறும் உண்டு. ஆனால் அடுத்த ஞாயிறே அவனோடு போய்ப் பார்த்திருக்க வேண்டியவன் நான். போகவில்லை.

இப்போது பங்குனி வெயிலில் யாரும் தேடிக் கிளம்பாதீர்கள். அது மண்ணுக்குள் இருக்கும். காடும் 2021 முதல் புலிகள் காப்பகம், அனுமதி வேண்டும். நம்மால் ஆவது ஓடையில் பாட்டிலும் பாலிதீனும் போடாமல் இருப்பது.

ஆசிரியர்களாகிவிட்ட என் பிள்ளைகளே, ஒரு குழந்தை "சார், ஒண்ணு பார்த்தேன்" என்றால், "எங்கேப்பா, எப்படி இருந்தது?" என்று கேளுங்கள்.

தம்பி, நீ இதைப் படித்தால் ஒரு வரி எழுது. அன்று சிரித்ததற்கு இந்த வாத்தியாரை மன்னித்துவிடு.